பாட்டியிடமே சொல்லுங்கள்

(மலாக்காவில் மூத்தோர் நலன் குறித்து நடந்த கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போவது முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களோடு. பின்னால் இருக்கும் பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் என் கண் முன்வரிசையின் மேல்தான் இருக்கும். ஏன் அப்படி என்பது போகப்போகத் தெரியும்.

முதியோரின் உடல்நலம், மனநலம். அதற்குக் கற்றுக்கொள்ள என்ன வழி, கைகொடுக்க யார்? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தோட்டத்து மக்கள் என்னை 'மிசி' என்று கூப்பிட்டார்கள். இன்றும் சந்தையில் கண்டால் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த உரிமையில் ஒன்றே ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நம் பெரியவர்களுக்கென்று இந்த நாட்டில் உதவிகள் இருக்கின்றன. வகுப்புகள் இருக்கின்றன. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். ஆனால் எல்லாவற்றையும் பெரியவர்களின் தலைக்கு மேலேயே பேசி முடித்துவிடுகிறோம். மகனிடம் சொல்கிறோம். மகளிடம் சொல்கிறோம். வேனோட்டியிடம்கூடச் சொல்கிறோம். பாட்டியிடம் மட்டும் சொல்வதில்லை.

கேட்டால், "வயசாயிருச்சு மிசி, அவங்களுக்கு என்ன புரியப் போவுது?" என்பார்கள்.

என்ன புரியப் போகிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

1896-ஆம் ஆண்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி என்ற வெள்ளைக்காரர் ரப்பர் மரத்தை வைத்துக்கொண்டு, இதை நடுங்கள், நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த காலம். பெரும்பாலும் யாரும் காது கொடுக்கவில்லை. துணிந்து நட்டவர் டான் சாய் யான் என்ற சீன வணிகர். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை அவர் எங்கே போட்டார்? நம் மலாக்காவில். புக்கிட் லிந்தாங்கில். அதற்கடுத்து புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அந்த அசகானிலும், கெமண்டோரிலும், டைமண்ட் ஜூபிலியிலும், தெபோங்கிலும், கடெக்கிலும் இருந்த தோட்டங்களில், இருட்டு விலகும் முன்பே பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் யார்? இதோ, முன்வரிசை.

அவர்கள் கற்ற வேலை என்ன வேலை என்று பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் மரத்தின் பட்டையில் பால் ஓடும் குழாய்கள் உள்பக்கமாக, மரத்தை ஒட்டி இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரம் வளர்வதற்கான மெல்லிய படலம். பட்டையை மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகச் சீவினால் படலம் காயப்படும். பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அந்தப் பக்கத்தில் பிறகு ஒழுங்காக வெட்டவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் ஒரு மில்லிமீட்டர் அளவு. விடிவதற்கு முன், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில், அந்த ஒரு மில்லிமீட்டரைத் தப்பாமல் வெட்டிய கைகள் இவை. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா வெட்டுவதைப் பார்த்து மகள் கற்றாள். கற்றுக்கொண்டு, தோள்கட்டையில் தொங்கும் காண்டா வாளியில் பால் சுமந்தாள். தோட்டத்து மருந்தாளரான டிரெசர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள்.

இந்தக் கைகளுக்கா கற்றுக்கொள்ள வராது?

இனி கிளினிக்குக்கு வருகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஒரு பாட்டி, பக்கத்தில் அவர் மகள். பாட்டி கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறைய மாத்திரை. "பாட்டி, இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று நான் பாட்டியைப் பார்த்துக் கேட்பேன். "சாப்பிடுறாங்க மிசி" என்று மகள் சொல்லுவார். "இப்பக் கால் வீக்கம் எப்படி?" "பரவால்ல மிசி" என்று மகள் சொல்லுவார். பாட்டி வாயே திறக்கவில்லை. மகள் அன்பில்லாதவர் இல்லை. தொழிற்சாலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். நேரம் அவரை விரட்டுகிறது. ஆனால் காலை பத்து மணிக்கு வீட்டில் தனியாக இருந்து அந்த மாத்திரையைப் பிரித்துச் சாப்பிட வேண்டியவர் பாட்டி.

பையைக் கொட்டிப் பார்த்தால் தெரியும் கதை. உறையின் மேல் மலாய் மொழியில் 'செலெபாஸ் மாக்கான்' என்று அச்சடித்திருக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு என்று. பாட்டி சந்தையில் சரளமாக மலாய் பேசுவார். அந்த எழுத்தை வாசிக்க வராது. அதனால் மாத்திரையை நிறத்தால் அடையாளம் வைத்திருப்பார். வெள்ளை காலைக்கு, மஞ்சள் ராத்திரிக்கு. ஒருமுறை மருந்து வேறு நிறுவனத்திலிருந்து வரும். அதே மருந்துதான், நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. என்ன ஆகும்? சிலர் புதிதாக ஏதோ கொடுத்திருக்கிறார்கள் என்று பழைய வெள்ளையையும் புதிய இளஞ்சிவப்பையும் சேர்த்து விழுங்குவார்கள். சிலர் இது என் மாத்திரை இல்லை என்று தொடவே மாட்டார்கள். இரண்டும் ஆபத்து. கொதிப்பு ஏறிப் பக்கவாதம் வந்து ஆள் விழுந்த பிறகு, "மருந்தெல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிட்டாங்க" என்று குடும்பம் அழும்.

இதற்கு மருந்து என்ன? ஒரு பேனா. உறையின் மேல் ஒரு சூரியன் வரைந்தால் காலை. ஒரு பிறை வரைந்தால் இரவு. பக்கத்தில் ஒரு தட்டு வரைந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு. பாட்டி தன் கையாலேயே வரையட்டும். வரைந்து முடித்ததும், "எனக்குச் சொல்லிக் காட்டுங்க பாட்டி" என்று கேளுங்கள். அவர் வாயால் திருப்பிச் சொன்னால்தான் பாடம் போய்ச் சேர்ந்தது என்று பொருள். தாதியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முறை இது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் கூட்டம் நெரியும் கிளினிக்கில் கிடைப்பதில்லை. அப்படியானால் அது வேறெங்காவது கிடைக்க வேண்டும். என் பேச்சு முழுவதும் அந்த 'வேறெங்காவது' பற்றித்தான்.

இது ஏதோ தோட்டத்துப் பாட்டிகளின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு உடல்நலம் பற்றிய தகவலைத் தேடி, புரிந்து, பயன்படுத்தும் திறன் குறைவு என்று சொன்னது. எல்லா இனத்தவரையும் சேர்த்துத்தான். அதே ஆய்வில் இனிப்பு நீர் வியாதி நாடு முழுக்க 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. எல்லா இனங்களையும்விட நம்மிடம்தான் அதிகம். நோய் அதிகம் உள்ள வீட்டில் பாடமும் அதிகம் இருக்க வேண்டாமா?

இனிப்பு நீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரு பாட்டியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாத்திரையில் கட்டுப்படவில்லை, இன்சுலின் போட வேண்டும் என்று மருத்துவர் எழுதிவிட்டார். மகன், "நான் போட்டு விடுறேன்" என்றார். மகன் லாரி ஓட்டுபவர். பாதி நாள் ஊரில் இல்லை. நான் பாட்டியின் பக்கம் திரும்பி, "நீங்களே போட்டுக்கிறீங்களா பாட்டி?" என்று கேட்டேன். "நான் பள்ளிக்கூடம் போவல மிசி. ஆயாக் கொட்டகையில தம்பி தங்கச்சியப் பார்த்துக்கிட்டே வளர்ந்தவ" என்றார். "எண் தெரியுமா?" என்றேன். பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பால் நிறுக்கிற தராசுல எண் பார்க்காமலா இத்தன வருசம் சம்பளம் வாங்குனேன்?"

போதாதா? இன்சுலின் பேனாவின் பின்பக்கத்தைத் திருகினால் சின்னக் கண்ணாடியில் எண் வரும். பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு தனக்குரிய எண்ணில் நிறுத்தினார். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி ஊசி. அழுத்திய பிறகு உடனே பிடுங்காமல் பத்து எண்ண வேண்டும். எண்ணினார். ஒரே இடத்தில் தினமும் போட்டால் தோலுக்கடியில் கட்டி கட்டியாகும், மருந்து சரியாக ஏறாது, அதனால் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று விளக்கினேன். பாட்டி உடனே சொன்னார்: "மரத்துல ஒரே பக்கமே வெட்டிக்கிட்டிருந்தா பட்டை கெட்டுப்போகும்ல, அந்த மாதிரி." அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் சொல்லும்? அதற்குப் பிறகு புதிதாக இன்சுலின் தொடங்கும் ஆட்களுக்கு அந்தப் பாட்டியின் வார்த்தையைத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன்.

முன்வரிசைக்கு மேலும் இரண்டு விஷயம். திறக்காத இன்சுலினை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையும் தட்டில் வேண்டாம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். அந்த நேரத்தில் மட்டும் இனிப்பு உங்களுக்கு மருந்து. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் பாருங்கள். தெளியவில்லையென்றால் மறுபடி குடியுங்கள். தெளிந்ததும் சாப்பிடுங்கள். மற்ற நேரங்களில் டின் பால் ஊற்றிய கோப்பியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று மூன்று கோப்பைக் கெட்டிப் பால் உள்ளே போனால் எந்த மாத்திரைதான் தாங்கும்?

அடுத்து, பாதம். இதைச் சொல்லத் தயங்கினேன். சொல்லாமல் போனால் தவறு. மாசி மகத்துக்குச் செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு நம் சனம் திரண்டு போகிறது. பால்குடம், காவடி, வெறுங்கால். நானும் போகிறேன். ஆனால் பல ஆண்டுகள் இனிப்பு நீர் இருந்தவருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்துவிடும். வெயிலில் காய்ந்த தார்ச்சாலை பாதத்தைச் சுடும், அவருக்குத் தெரியாது. கொப்புளம் வரும், தெரியாது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அந்தக் காலை வெட்டி எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுவது பல நேரம் ஒரு சின்னக் கொப்புளம்தான். ஆண்டவனுக்கு நேர்ந்துகொண்டதை நான் தடுக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கிளினிக்கில் பாதத்தைச் சோதித்துப் பாருங்கள் என்கிறேன். உணர்வு குறைந்தவர் காலுறை போட்டு நடக்கட்டும். கோயில் நிர்வாகம் அதை அனுமதிக்கட்டும். ஊர்வலம் முடிந்ததும் ஒரு பந்தலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு தாதி இருக்கட்டும். விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்போம். அன்னதானப் பந்தல் போடும் நம் கோயில்களுக்கு இந்தப் பந்தல் பெரிய செலவா?

"சரி மிசி, இதையெல்லாம் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?" என்று கேட்பீர்கள். இருப்பதைச் சொல்கிறேன்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 60 வயது கடந்த குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் கிடையாது. மூத்தோருக்கென்றே ஒரு சோதனைப் படிவம் இருக்கிறது. கண், காது, நடை, ஞாபகம், மனச்சோர்வு, சிறுநீர் அடக்க முடியாமை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். நீங்கள் கேட்டால் செய்வார்கள். பல கிளினிக்குகளில் 'கெலாப் வர்கா எமாஸ்' என்று மூத்தோர் கழகம் உண்டு. உடற்பயிற்சி, சமையல் செயல்விளக்கம், உரை எல்லாம் நடக்கும். அங்கே நம் முகங்கள் எத்தனை? நான் வேலை பார்த்த காலத்தில் மிகக் குறைவு. மொழி ஒரு காரணம். போய்வர வண்டி இல்லாதது இன்னொரு காரணம். "அது அவங்களுக்கு உள்ளது" என்ற நினைப்பு மூன்றாவது காரணம். அந்த நினைப்பைத்தான் முதலில் விட வேண்டும். அது நமக்கும் உள்ளது.

படுத்த படுக்கையான பெரியவரைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் தவிக்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன. 2014 முதல் சுகாதாரக் கிளினிக்குகள் வீட்டுக்கே வந்து பராமரிக்கும் சேவையை நடத்துகின்றன. மருத்துவமனை அதற்காகக் கிளினிக்குக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவர்கள் வருவதன் நோக்கமே வீட்டில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான்: படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாய் வழியாக எப்படிப் பால் கொடுப்பது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகச் சொல்லும் நாளில், "வீட்டுக்கு வந்து பார்க்கிற சேவைக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்காதவருக்கு எதுவும் வராது.

எஸ்.டி.ஆர்., அதாவது வருமானம் குறைந்தோருக்கான அரசாங்க உதவித் தொகை வாங்குகிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அடடா, இத்தனை பேர். உங்களில் எத்தனை பேர் 'பெக்கா பி40' சோதனைக்குப் போயிருக்கிறீர்கள்? பார்த்தீர்களா, கைகள் இறங்கிவிட்டன. 2019 முதல் இந்தத் திட்டம் இருக்கிறது. 40 வயதைத் தாண்டிய உதவித் தொகை பெறுநருக்கும் அவர் கணவன் அல்லது மனைவிக்கும் இலவச உடல் சோதனை. தனியாக விண்ணப்பம் போடத் தேவையில்லை. மைகாட் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்குக்குப் போனால் போதும். இரத்தம், சிறுநீர், கொதிப்பு, மனநிலை எல்லாம் பார்ப்பார்கள். அடுத்த கட்டமாக அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவக் கருவி வாங்க வேண்டி வந்தால் 20,000 வெள்ளி வரை உதவியும் அதில் உண்டு. உங்களுக்கு ஒதுக்கி வைத்தது அது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதரவும் போதிய வருமானமும் இல்லாத 60 வயது கடந்த குடிமக்களுக்குச் சமூக நலத்துறை மாத உதவி கொடுக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்த்தினார்கள். குடிமக்களுக்கு என்றேன், கவனியுங்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே மரம் வெட்டி, கையில் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி மட்டும் வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த உதவி கிடைக்காது. 2018 ஆகஸ்டில் 60 வயது தாண்டிய, சிவப்பு ஐசி வைத்திருந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பு வந்தது நல்லதுதான். ஆனால் தோட்டம் மூடும்போது பிறப்புப் பத்திரம் தொலைந்தவர், பெயர் எழுத்து மாறிப் போனவர், எந்த அலுவலகத்தில் எந்தச் சாளரத்துக்குப் போவது என்று தெரியாதவர், இவர்களுக்கு அறிவிப்பு மட்டும் போதுமா? பாரம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர் கூடப் போக வேண்டும். இதையும் நான் சுகாதாரத்தில்தான் சேர்க்கிறேன். அடையாளப் பத்திரம் சரியில்லாத பாட்டிக்கு இரத்தக் கொதிப்பு இறங்காது.

இப்போது கல்வி. மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டு. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கியது. பணி ஓய்வு பெற்றவர்கள் மாணவர்கள். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. நம் நாட்டில் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமையியல் ஆய்வுக் கழகம் 2007, 2008 வாக்கில் அதைத் தொடங்கியது. கணினி, மொழி, உணவு, கைவேலை என்று பாடங்கள். அருமையான திட்டம். ஆனால் கெமண்டோரிலிருந்து செர்டாங் எவ்வளவு தூரம்? பேருந்துத் தூரத்தைவிட மனத்தூரம் அதிகம். நம்மூரில் ஜாசினிலும் மஸ்ஜித் தானாவிலும் புக்கிட் பெருவாங்கிலும் செலாண்டாரிலும் சமூகக் கல்லூரிகள் குறுகிய கால வகுப்பு நடத்துகின்றன. வயது வரம்பு கிடையாது. 'நாடி' என்ற அரசாங்க இணைய மையங்களில் கைப்பேசி சொல்லித் தருகிறார்கள். 'பாவே' என்று நாம் சொல்லும் மூத்தோர் நடவடிக்கை மையங்களை நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்றாவது வைக்க வேண்டும் என்பது அரசின் நோக்கம். மலாக்காவில் ஆறு தொகுதி. உங்கள் தொகுதியில் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பாளர் என்று தெரிந்துகொண்டு, ஒருநாள் பத்துப் பேராகப் போய் நில்லுங்கள். தனியாகப் போனால் ஓரமாக உட்கார வைப்பார்கள். பத்துப் பேராகப் போனால் தமிழில் ஒரு வகுப்பு கேட்கலாம்.

ஆனாலும் என் மனம் நிறையவில்லை. பாட்டியை அங்கே கொண்டுபோய் விடுவதைவிட, அந்த வகுப்பைப் பாட்டி ஏற்கெனவே உட்காரும் இடத்துக்குக் கொண்டு வந்தால் என்ன?

தாய்லாந்தைப் பாருங்கள். அங்கே ஊர் ஊருக்கு முதியோர் பள்ளிகள். பல இடங்களில் புத்த விகாரைதான் பள்ளிக்கூடம். சிறுபிள்ளைகளைப் போலச் சீருடை போட்டுக்கொண்டு எழுபது வயதுக்காரர்கள் வாரம் ஒருநாள் வருகிறார்கள். தமிழ்நாட்டைப் பாருங்கள். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். கதவைத் தட்டுகிறவள் தெரிந்த பெண், தன் மொழி பேசுகிறவள். அதனால் கதவு திறக்கிறது.

நம்மிடம் என்ன இல்லை? இந்த மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிற்பகலில் அவற்றின் மண்டபம் சும்மா கிடக்கிறது. சில பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். அதே பள்ளியில் சனிக்கிழமை காலையில் தாத்தாவும் பாட்டியும் மாணவர்களாக உட்காரட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இல்லையா? ஓய்வுபெற்ற தாதியர் நாங்கள் இல்லையா? புக்கிட் பாருவில் மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் பேசும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். நோயாளியிடம் பேசிப் பழக அவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

அந்த வகுப்பில் என்ன நடக்கும்? முதல் மணி நேரம் கால்களுக்கு. உலகின் பல நாடுகளில் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2019-இல் சொன்னது, ஒழுங்கான உடற்பயிற்சி முதியோர் விழுவதை 23 விழுக்காடு குறைக்கிறது என்று. பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் கையூன்றி எழுங்கள். போகப்போகக் கை விடுபடும். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். இங்கே இப்போது செய்து பார்க்காதீர்கள் ஐயா, பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும்! வீட்டில் செய்யுங்கள். குளியலறையில் பாசி இருந்தால் பேரனைத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த சிலிப்பரைத் தூக்கி எறியுங்கள். கைலி தரையில் புரண்டால் மடித்துத் தையுங்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் எழுந்து பழையபடி நடக்காதவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மணி நேரம் மாத்திரைப் பைக்கு. சூரியனும் பிறையும் வரையும் வகுப்பு. மூன்றாவது, பேச்சுக்கு. ஆமாம், வெறும் பேச்சுக்கு. இதை லேசாக எண்ணாதீர்கள். 2018-இல் முதியோரிடம் நடந்த தேசிய ஆய்வில் 60 வயது கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு, மறதி நோய்களில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் இரத்தக் கொதிப்பு உண்டு, இனிப்பு நீர் உண்டு. காது கேளாமை உண்டு. தனிமையும் உண்டு.

தோட்டத்தில் இருந்தவரை தனிமை ஏது? பெரட்டில் ஆள், மரத்தடியில் ஆள், தண்ணீர்க் குழாயில் ஆள், மாரியம்மன் கோயில் திண்ணையில் ஆள். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டது. செம்பனை வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயம் இடிந்தது. பிள்ளைகள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். பாட்டியும் கூடப் போனார். நான்காவது மாடியில் மின்தூக்கி பழுதாகிக் கிடக்கும் வீட்டில், காலையில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, மாலை ஏழு வரை பேச ஆளில்லை. தொலைக்காட்சித் தொடரில் வருகிறவர்கள்தான் துணை. காது மந்தமானால் அதுவும் போயிற்று. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டதையே கேட்கிறார், சாமான் வைத்த இடம் மறந்து மருமகள் மேல் சந்தேகப்படுகிறார். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அப்படித்தான் இல்லை. கிளினிக்கில் சொல்லிச் சோதிக்க வேண்டும். காதில் வெறும் குறும்பி அடைத்திருக்கலாம். கருவி தேவைப்படலாம், மாற்றுத் திறனாளியாகப் பதிந்துகொண்டால் சமூக நலத்துறையிடம் காது கருவிக்கும் சக்கர நாற்காலிக்கும் உதவி கேட்க வழி உண்டு. மனச்சோர்வாக இருக்கலாம், அது குணமாகும் நோய். மறதி நோயாகவே இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் குடும்பம் திட்டுவதை நிறுத்திவிட்டுப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளும். வீட்டில் அடியும் வசவும் நடக்கிறதென்றால், இரவு பகல் எந்நேரமும் 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்குப் பேசலாம். சொல்லக் கூச்சப்படாதீர்கள் அம்மா.

கைப்பேசிப் பாடமும் சேர்க்க வேண்டும். பேத்தியின் முகம் பார்த்துப் பேசவும், அப்பாயிண்ட்மெண்ட் பார்க்கவும் அது உதவும். கூடவே, போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிச் சேமநிதிப் பணத்தைச் சுருட்டுகிறவர்களை அடையாளம் காணவும் வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைக்க வேண்டும். பணம் போனதைவிட, அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் உருகியவர்கள்தான் படுத்துவிடுகிறார்கள்.

யார் சொல்லிக் கொடுப்பது என்று இன்னும் தயங்குகிறீர்களா? முன்வரிசையிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் போடத் தெரிந்த பாட்டிதான் போடத் தெரியாத பாட்டிக்கு ஆசிரியை. அவர் சொன்னால் நம்பிக்கை வரும். நான் சொன்னால் "மிசி படிச்சவங்க" என்பார்கள். பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு: கீரை எது, பிரசவத்துக்கு என்ன பத்தியம், தோட்டம் எப்படி இருந்தது, தொழிற்சங்கம் எப்படிக் கூடியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடக்கும்.

கோயில் நிர்வாகத்தினருக்கு என் வேண்டுகோள். உங்கள் ஆண்டுக் கணக்கில் ஒரு புதிய வரி வேண்டும்: மூத்தோர் வகுப்பு, வேன் வாடகை. மண்டபம் உங்களுடையது, மின்சாரம் உங்களுடையது. செலவாகப்போவது வேனுக்கும் பசியாறலுக்கும்தான். பசியாறலில் கொண்டைக்கடலையும் சீனியில்லாத் தேநீரும் இருக்கட்டும். கேசரியைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்வோம்.

பிள்ளைகளே, அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது பக்கத்தில் உட்காருங்கள். மிசி கேள்வி கேட்டால் கொஞ்சம் பொறுங்கள். அவர்களே பதில் சொல்லட்டும். விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டப வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். எந்த ஊர், எந்தக் கிழமை வசதி, வேன் தேவையா என்று பெரியவர்கள் எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், அங்கே இருக்கும் பிள்ளை எழுதிக்கொள்ளும். சொல்லிக் கொடுக்க முன்வருகிறவர்கள் மறுபக்கத்தில் எழுதுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் கடைசிப் பக்கத்தில். முதல் வகுப்புக்கு வரும் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மாத்திரை முழுவதையும், பழையது புதியது எதையும் விடாமல், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பேனா நாங்கள் கொண்டு வருகிறோம்.